ஓடும் இன்ஜினில் கழற்றிய ஒயர்

சுற்றுலாப் பயணிகளோடு போன ஒரு படகு, ஆற்று முகத்துவாரத்துக்குக் கிட்டே இன்ஜினை அணைத்து நின்றது. கிளம்பும்போது செல்ஃப் எடுக்கவில்லை. கையால் இழுத்து ஸ்டார்ட் செய்யப் பார்த்ததில் கயிறும் அறுந்தது. வேறொரு படகு போய்க் கட்டி இழுத்து வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலை, அந்தப் படகை ஓட்டிய ஆரோக்கியத்துக்கு வேலை போனது. என்னால் போனது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் துறைமுகத்தை ஒட்டிய தேங்காய்த்திட்டில், படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களுக்கு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். ஆட்டோமொபைலில் டிப்ளமோ படித்து, லாரி எலக்ட்ரிக்கலில் பல வருடம் இருந்துவிட்டுப் படகுக்கு வந்தவன். எல்லாரும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

டிக் சத்தம்

படகு நிற்பதற்கு முந்தைய வாரம்தான் அந்த மோட்டார் என்னிடம் வந்தது. பழைய டூ ஸ்ட்ரோக். சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் வோல்டேஜ் இருந்தது, ஸ்டார்ட்டர் வரைக்கும் போகவில்லை. எர்த் ஒயர் இன்ஜின் பிளாக்கில் சேரும் இடத்தில் பச்சையாக உப்புப் பூத்திருந்தது. சுரண்டி, கிரீஸ் தடவி முறுக்கினேன். முதல் திருப்பிலேயே எடுத்தது.

அதோடு விட்டிருக்க வேண்டும். படகு முதலாளி பக்கத்தில் நின்றிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவரை முசியே என்பார்கள். அவர் சார்ஜ் ஏறுகிறதா என்று கேட்டார். இன்ஜின் ஓடும்போதே பேட்டரியின் பிளஸ் ஒயரைக் கழற்றிக் காட்டினேன். இன்ஜின் நிற்காமல் ஓடியது. “பாத்தீங்களா, ஜம்முனு சார்ஜ் பண்ணுது” என்றேன்.

டைனமோ வைத்த பழைய வண்டிகளில் செய்கிற சோதனை அது; சார்ஜ் ஏறாவிட்டால் அங்கே இன்ஜின் நின்றுவிடும். அவுட்போர்டுக்கு இக்னிஷன் கரண்ட் தனி. பேட்டரியே இல்லாவிட்டாலும் இன்ஜின் ஓடும். சார்ஜிங் கரண்டுக்குத்தான் போக்கிடம் இருக்காது, அது, பேட்டரிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் ரெக்டிஃபயரை எரித்துவிடும். சார்ஜிங் லைனோடு சேர்ந்த ஆர்பிஎம் மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு விழுந்து அங்கேயே நின்றதைப் பார்த்தேன். மீட்டர் பழசு என்று நினைத்துக்கொண்டேன்.

சிவப்பு ஒயர்

பிறகு பேட்டரி இறங்கியிருக்கிறது. ஆரோக்கியம் அதைக் கழற்றிக் கடையில் சார்ஜ் போட்டு, திரும்ப மாட்டியிருக்கிறார். அது மறுபடி இறங்கி, முகத்துவாரத்தில் அணைத்த இன்ஜின் திரும்ப எடுக்கவில்லை.

முசியே இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார். நான் ரெக்டிஃபயரைக் கழற்றிப் பார்த்தேன். கருகியிருந்தது.

“இவன் கை வெச்சதால போச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க சார்” என்றார் முசியே.

“செவப்ப செவப்புலதான் முசியே மாட்னேன். மாதா மேல சத்தியம்” என்றார் ஆரோக்கியம்.

“ரெக்டிஃபயர் தானா எரியாது. பிளஸ் மைனஸ் மாத்தி மாட்டினா எரியும்” என்றேன்.

நான் சொன்னது பொய்யல்ல, அப்படியும் எரியும். அந்த நேரத்தில் எனக்கு என் கை ஒயரைக் கழற்றியது நினைவுக்கே வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் இன்னொரு படகில் அதே சோதனையைச் செய்தேன். முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. இம்முறை கருகல் வாடையும் வந்தது. ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றேன். எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. சார் என்று கூப்பிடுகிறவர்கள் முன்னால் திறக்க மனம் வரவில்லை. என் தவறில் பெரியது இதுதான்.

டார்ச் லைட்

ஆரோக்கியம் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலைக்கு வந்துவிட்டார். அவர் நிற்கும் பக்கம் போகாமல் சில வருடம் சுற்றிப் போனேன். ஒருநாள் அவரே கூப்பிட்டார். கையில் டார்ச் லைட்.

“சார், இதுல செல்லு சரியா போட்டுக்கிறனா, ஒரு தபா பாத்துடுங்க. எனக்கு எதுக்கு வம்பு.”

கிண்டல் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

“ஆரோக்கியம், அன்னிக்கு அத எரிச்சது நான்தான்” என்றேன். எப்படி எரிந்தது என்பதையும் சொன்னேன்.

அவர் டார்ச்சை ஒருமுறை போட்டு அணைத்தார். “பேசிக்கினே மாட்னேன் சார். அதான் மாறிப்போச்சின்னு நானே நம்பிட்டேன்” என்றார். பிறகு, “எங்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது. எம் பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லுங்க” என்றார்.

முசியே அதற்குள் படகை விற்றுவிட்டு பிரான்சில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். போன வேலையை வாங்கித்தர வழியில்லை. நெல்லித்தோப்பில் இருந்த ஆரோக்கியத்தின் வீட்டுக்குப் போய், அவர் மனைவியிடம் நின்றபடியே சொன்னேன்.

“அப்ப இவுரு மாத்தி மாட்டலியா?”

“இல்லம்மா.”

“அன்னிலேர்ந்து பல்பு மாத்தக்கூட இவர உடாம பக்கத்து வூட்டாளத்தான் கூப்புடுறேன்” என்றார் அவர். என்னை உட்காரச் சொல்லவில்லை. சுவரில் நின்றுபோயிருந்த கடிகாரத்தை இறக்கிக் கணவரிடம் கொடுத்தார். “செல்லு நீயே போடு.”

ஆரோக்கியம் செல்லைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் என் முகத்தைப் பார்த்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றாதீர்கள். மீட்டர் வைத்துப் பாருங்கள். ரெக்டிஃபயர் எரிந்து ஒரு மோட்டார் வந்தால், யார் மாற்றி மாட்டியது என்று கேட்காதீர்கள். அதற்கு முன் அதில் நீங்கள் எதைத் தொட்டீர்கள் என்று யோசியுங்கள்.