ஓய்வுநாளில் மாட்டிய சக்கரம்

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் தேங்காய்கூட உரிக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், ஆராதனை முடிந்து சனமெல்லாம் வீடு திரும்பும் நேரத்தில், ரோட்டோரம் லாரிக்குப் பக்கத்தில் முழங்கை வரை கிரீஸோடு என் அம்மா உட்கார்ந்திருந்தாள். சண்டே ஸ்கூல் முடிந்து வெள்ளை கவுனில் வந்த எனக்கு மானமே போயிற்று. அப்போது எனக்கு எட்டு வயது.

லாரி எங்களுடையது. தக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் வாழைக்குலை ஏற்றிக் களியக்காவிளைக்குப் போகும். அப்பா சவுதிக்குப் போன பிறகு ஒரு டிரைவரை வைத்து அம்மாதான் அதை நடத்தினாள். லோடு பேசுவதும் அவள்தான், டயருக்கு அலைவதும் அவள்தான். இது பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அப்பாவுக்கு முன்னால் அதே வண்டியை வருடக்கணக்கில் ஓட்டியவர் அவர். இப்போது சபைக் கமிட்டியில் இருந்தார். "பொம்பள லோடு பேசுனா சந்தையில சிரிக்கானுவ பிள்ளே" என்று அம்மாவிடம் அடிக்கடி வந்து சொல்லுவார். சொல்லிவிட்டு எனக்குச் சட்டைப்பையிலிருந்து தேன்மிட்டாய் எடுத்துத் தருவார். நான் அவர் கட்சி.

அந்த வாரம் பின்சக்கரத்தில் சத்தம் வந்தது. கழற்றி கிரீஸ் வைக்க வேண்டும் என்றார் டிரைவர். அம்மா களியக்காவிளைக்குப் போயிருந்த நேரத்தில் பெரியப்பா வந்து, தானே பார்த்துக்கொள்வதாக டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சம்மட்டியும் உளியுமாக இறங்கினார். சக்கரத்தின் நடுவில் இருக்கும் கனத்த இரும்புக் குடத்துக்கு ஹப் என்று பெயர். அதை அக்சில் என்கிற அச்சில் பிடித்து வைப்பது ஒரு பெரிய நட்டு. அம்மா திரும்பி வந்தபோது ஹப் தரையில் கிடந்தது. நட்டு உடைந்திருந்தது. அக்சில் முனையில் நட்டு திருகி ஏறும் வரிகள், அதாவது மரை, நசுங்கிப்போயிருந்தது.

"இனி இதுல நட்டு ஏறாது. அக்சில மாத்துததுக்கு வண்டியவே குடுத்திரலாம்" என்றார் பெரியப்பா. வாங்க ஆளும் தயாராக இருந்தது. பெரியம்மாவின் தம்பி, பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்வாராம். அப்பாவிடமும் போனில் பேசியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. விலை பேசுவது ஓய்வுநாளில் வேலையில் சேராது போலிருக்கிறது.

அம்மாவும் அப்பாவிடம் போனில் பேசினாள். "ஓடாத வண்டின்னா குடுக்கேன். ஓடுத வண்டிய குடுக்கமாட்டேன். உங்க அண்ணன்ட்டயும் சொல்லிருங்க" என்று வைத்துவிட்டாள். அப்பா அனுப்பும் பணம் பெரியப்பா வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. லாரியும் போய்விட்டால் அரிசிக்கும் உப்புக்கும் அவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அது எனக்கே தெரியும். ஆனால் தேன்மிட்டாய் தருகிறவர் அரிசி தரமாட்டாரா என்று நினைத்தேன்.

கேட்ட பட்டறையெல்லாம் அக்சிலை மாற்றத்தான் சொன்னது. அம்மா கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் அப்பாவோடு அந்த லாரியில் ஊர் ஊராகச் சுற்றியவள் அவள். வழியில் எங்கோ பார்த்து வைத்திருந்த ஒரு வேலை அவளுக்கு நினைவிருந்தது. பழைய இரும்புக் கடையில் அதே அளவில் ஒரு நட்டைத் தேடிப்பிடித்து, அதை இரண்டு பாதியாக அறுத்து வாங்கி வந்தாள். உடைந்ததற்குப் பதிலாக மாட்ட ஒரு புது நட்டும் வாங்கினாள். மரை முனையில்தான் நசுங்கியிருந்தது, உள்ளே நன்றாகவே இருந்தது. அந்த நல்ல மரையில் இரண்டு பாதியையும் கவ்வவைத்து இறுக்கி, அங்கிருந்து வெளியே பார்த்துத் திருகிக்கொண்டு வந்தால், நசுங்கியதை அது நிமிர்த்திக்கொண்டே வரும். மிச்சத்தை அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் "நீ சர்ச்சுக்குப் போ மக்கா, நான் வரல்ல" என்று என்னை அனுப்பிவிட்டாள். நான் திரும்பி வந்தபோது மரை பளபளவென்று இருந்தது. வரக்கூடாது என்று பெரியப்பா சொல்லியிருந்தும் டிரைவர் வந்திருந்தார். இரண்டுபேருமாகப் பலகையைச் சரித்துவைத்து, ஹப்பை அதில் ஏற்றித் தள்ளி அக்சிலில் மாட்டினார்கள். சர்ச்சிலிருந்து வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அம்மா ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெரியப்பா மைத்துனரோடு வந்து சேர்ந்தார். "ஓய்வுநாள்ல இது என்ன வேல?"

"ஆண்டவர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன் அத்தான்" என்றாள் அம்மா.

புது நட்டை வைத்துத் திருப்பினாள். முதலில் முரண்டு பிடித்தது. எண்ணெய் விட்டுக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டியதும் வழுக்கிக்கொண்டு ஏறியது. மைத்துனர் குனிந்து பார்த்தார். "இதென்ன, எதிர்ப்பக்கம் திருப்புதியோ?"

"இந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு மரை எதிராத்தான் இருக்கும். மத்த நட்டு மாதிரி நெனச்சுக் கழத்தப் போனா இன்னும் இறுகும். அதுக்கு மேல சம்மட்டி வச்சு அடிச்சா மரை போகும்" என்ற அம்மா, நட்டை இறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அத்தானுக்குத் தெரியாததா?"

மைத்துனர் பெரியப்பாவைப் பார்த்தார்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? எல்லா வண்டியும் போலன்னு திருப்பினேன்" என்றார் பெரியப்பா.

என்னால் பொறுக்க முடியவில்லை. சபைக் கமிட்டியில் இருப்பவர், அத்தனை வருடம் வண்டி ஓட்டியவர், நாலுபேர் முன்னால் தெரியாது என்று சொல்லித் தலைகுனிவதா? நான் முன்னால் போய் நின்று சத்தமாகச் சொன்னேன். "பெரியப்பாக்கு எல்லாம் தெரியும். டிரைவர் மாமா வேலைக்கு வந்த அன்னைக்கு, இந்தப் பக்கம் மட்டும் எதிரா திருப்பணும்னு பெரியப்பாதானே சொல்லிக் குடுத்தாவ. நான் பாத்தேன்."

நான் பெருமையோடு நின்றேன். டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மைத்துனர் கிளம்பிப் போனார். சக்கரத்தை மாட்டி லாரியை எடுத்தபோது அது முனகாமல் ஓடியது. ஓய்வுநாளில் வேலை செய்தாள் என்று சபையில் அம்மாவைப் பற்றி வெகுநாள் பேசினார்கள். பேசட்டும். லாரி அதற்குப் பிறகும் அம்மாவிடம்தான் இருந்தது. அன்று கிரீஸ் கையோடு அவள் என்னைச் சேர்த்து அணைத்ததில் வெள்ளை கவுன் பாழானது. அதற்கு எனக்குத் திட்டும் விழவில்லை.

பெரியப்பா மட்டும் அதன்பிறகு எனக்குத் தேன்மிட்டாய் கொண்டுவரவே இல்லை. அத்தனைபேர் முன்னால் அவருக்காகப் பேசியவள் நான் ஒருத்திதான். அதற்கு இதுவா கைமாறு என்று ரொம்ப நாள் எனக்கு அவர்மேல் வருத்தமாக இருந்தது.