கார்டு கிடைக்காத சீசன்

வடகலை, தென்கலை என்று நாமத்திலேயே இரண்டு கட்சி உள்ள சின்ன காஞ்சிபுரத்தில், கிராஃபிக்ஸ் கார்டுக்கும் இரண்டு கட்சி இருந்ததில் ஆச்சரியம் இல்லை. ஒரு கட்சி நான், மறு கட்சி என் கூட்டாளி. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நாங்கள் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தோம். கார்டுக்குச் சிப்பு செய்யும் கம்பெனிகள் இரண்டும் கடல் தாண்டி எங்கோ அடித்துக்கொண்டன. அவற்றின் சார்பில் நாங்கள் இங்கே அடித்துக்கொண்டோம்.

முகூர்த்த சீசனுக்குச் சற்று முன்பு, திரையில் படமும் நிறமும் காட்டுகிற எங்கள் கார்டு புகைந்து போனது. அந்த வெள்ளிக்கிழமை ஒரு பட்டுக்கடை முதலாளி டிசைன் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்தால் சீசன் வேலை முழுவதும் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் கடையைச் சாத்திவிட்டு வேறு பிழைப்பு பார்க்க வேண்டியதுதான்.

சென்னைக்குப் போன் போட்டேன். "நீ கேக்குற கம்பெனி ஸ்டாக் இல்லபா. இன்னொன்னு ஒரே ஒரு பீஸ் இருக்குது, அனுப்பட்டா?" என்றார் கடைக்காரர். இன்னொன்று என்றால் கூட்டாளியின் கம்பெனி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசித்து முடித்து மறுநாள் கூப்பிட்டால் அதுவும் விற்றுப்போயிருந்தது. அடுத்த வாரம்தான் வருமாம்.

"போதுமாடா உன் வீம்பு?" என்று கத்தினான் கூட்டாளி. "கப்பல்ல வர்ற சாமான், உனக்காகக் காத்துக்கினு இருக்குமா?"

செவிலிமேட்டில் யார் வீட்டுப் பரணிலோ கிடந்த கிழட்டுக் கார்டு ஒன்றை வாங்கிவந்து மாட்டினான். அதற்குத் தெரிந்தது பதினாறு நிறம்தான். நாங்கள் அரக்கில் போட்டிருந்த புடவை திரையில் கத்தரிப்பூ நிறத்தில் பளபளத்தது. முதலாளிக்குப் போன் போட்டு, "கார்டு கிடைக்கலைங்க, ஒரு வாரம் தள்ளி வாங்க" என்று கெஞ்சினேன்.

அவர் வெள்ளிக்கிழமையே வந்தார். கூட வந்த ஆள் ஒரு மூட்டையை இறக்கினார். பிரித்தால், புடவையில் டிசைன் விழத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் மாட்டுகிற ஓட்டை போட்ட அட்டைகள். எங்கள் ஊரில் கார்டு என்றால் அதுதான்.

"இதுக்கா போன்ல அழுத? நம்மகிட்ட மூட்டை மூட்டையா இருக்குதுபா, எடுத்துக்கோ."

விளக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அரக்குதானே கேட்டேன்?"

"ஆமாங்க."

"அரக்கு எல்லாக் கடையிலயும் தொங்கிக்கினு இருக்குது. இது புதுசா இருக்குதுபா. இதே மாதிரி இன்னும் நாலு போட்டு வை, வந்து பாத்து முடிவு சொல்றேன்."

மறு வாரம் கார்டு வந்தது, கூட்டாளியின் கம்பெனிதான். மாட்டியதும் அரக்கு அரக்காகவே தெரிந்தது. அவன் முகத்தில் அப்படியொரு பெருமை. முதலாளி வந்து புது டிசைன் நாலையும் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னபா, நல்லா இருந்த கலரைக் கெடுத்து வெச்சிருக்கீங்க?"

பிழைப்பே போய்விடும் என்று நான் நடுங்கியிருக்க வேண்டும். ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கூட்டாளி புதுக் கார்டைக் கழற்றிவிட்டுக் கிழட்டுக் கார்டை மாட்டினான். கத்தரிப்பூ திரும்பியது, சீசன் வேலையும் கிடைத்தது. அந்தக் கார்டு எந்தக் கம்பெனி என்று திருப்பிப் பார்க்க மட்டும் எங்கள் இருவருக்கும் துணிச்சல் வரவில்லை.