நான் பதியாமல் விட்ட முறைப்பாடு

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லண்டனில் பெட்ரோல் நிலையம், கோழிக்கடை என்று ஓரிடத்தில் நிற்காமல் அலைந்து, கடைசியில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக உதவியாளனானேன். வழக்கறிஞர்கள் தம்மிடம் வைத்திருக்கும் வாடிக்கையாளர் பணத்தைக் கண்காணிக்கும் அலுவலகம் அது. அவர்கள்மீது வரும் முறைப்பாடுகளைப் பதிந்து விசாரணைப் பிரிவுக்கு அனுப்புவது என் வேலை.

ஒருநாள் தென்லண்டன் மோர்டனிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினார். என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

"தம்பி, வீடு வாங்கக் குடுத்த காசு லோயரிட்ட நிக்குது. கேட்டா நாளைக்கு, நாளைக்கு எண்டுறார். முறைப்பாடு எழுதட்டோ?"

அவர் பெயர் சொன்ன வழக்கறிஞர் எங்கள் தேவாலயத்தில் முன்வரிசையில் இருப்பவர்.

"அக்கா, அவர் எங்கட ஆள். எழுதினா பேர் கெட்டுப்போகும். ஞாயிற்றுக்கிழமை நானே கதைக்கிறன்."

"ஓம் தம்பி, நீங்கள் சொன்னாச் சரி."

நான் எதையும் பதியவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து கேட்டபோது வழக்கறிஞர் என் தோளில் தட்டினார். "வாற கிழமை முடிஞ்சிடும், யோசியாதையும்."

மூன்று வாரம் கழித்து, வேறொருவரின் முறைப்பாட்டால் அந்த வழக்கறிஞரின் கணக்கை எங்கள் அலுவலகம் முடக்கியது. அக்காவின் பணம் அதில் இல்லை. அக்கா என்னோடு பேசிய அன்று இருந்திருக்கிறது, கோப்பில் பார்த்தேன். அவர் வாங்கவிருந்த வீடு வேறு யாருக்கோ போய்விட்டது.

மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். வேலை போனது. அது எனக்குப் புதிதல்ல. அக்கா என்னை நம்பியதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது வடலண்டன் எட்மண்டனில் ஒரு கிடங்கில் வேலை. யாராவது இப்படி வந்து கேட்டால், ஆள் நல்லவரா என்று நான் சொல்வதில்லை. அன்றே உட்கார்ந்து முறைப்பாட்டை எழுதிக்கொடுக்கிறேன். முதலில் எழுதியது அந்த அக்காவுக்காக, என் பழைய அலுவலகத்திடமே இழப்பீடு கேட்டு. பதில் இன்னும் வரவில்லை.