ஜெசிதா திரும்பத் தட்டிய கதவுகள்

குருநகரில் நாங்கள் வேலை செய்யும் நண்டுக் கம்பனியில் ஜெசிதா அதிகம் கதைக்க மாட்டாள். அவித்த நண்டில் சதை எடுத்தபடி தனக்குள் சிரிப்பாள். புருஷன் லெனாட் கடலுக்குப் போகிறவர். இரண்டு பெண்பிள்ளைகள்.

போன வருடம் எங்கள் ஒழுங்கை வீடுகளின் வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. யாரோ ஒருத்தியின் வெற்றுடம்பில் ஜெசிதாவின் முகத்தை ஒட்டியிருந்தார்கள். பெருநாளன்று கோயில் வாசலில் எடுத்த முகம். போட்டவன் உடனே குழுவை விட்டுப் போய்விட்டான். அந்த நம்பர் யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஜெசிதா வீடு வீடாகப் போய்த் தன் கண் முன்னாலேயே படத்தை அழிப்பித்தாள். பிறகு பெண்களை அந்தோனியார் சிலை நிற்கும் சுருவத்தடிக்குக் கூட்டிப்போய், ஒருவரிடமும் மிச்சமில்லை என்று சத்தியம் வாங்கினாள். எங்களிடையே பிரச்சினைகள் அங்கேதான் முடியும்.

இது முடியவில்லை. ஒருநாள் போனில் ஒரு ஆண்குரல், அடுத்தது மூத்த மகளின் முகம் என்றது. அதன் பிறகுதான் ஜெசிதா பொலிசுக்குப் போனாள். துணைக்கு நான் போனேன்.

பெண் பொலிஸ் முழுவதையும் கேட்டாள். "சட்டம் இருக்கு அக்கா. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு வந்தா கோட்டிலை நீதவானுக்கு எதைக் காட்டுறது? படமும் வேணும், அது வந்த நம்பரும் வேணும்."

ஜெசிதா அதே கதவுகளைத் திரும்பத் தட்டினாள். ஆண்களும் அழித்துவிட்டோம் என்றார்கள். அடுத்த வீட்டு லூர்த்தம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சுருவத்தடியிலை சத்தியம் பண்ணினனாங்கள். இப்ப எங்களைக் கள்ளர் எண்டுறியோ?"

மறுநாள் கம்பனியில் ஜெசிதா கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"சத்தியம் கேட்டது என்ரை பிழை. ஆரிட்டையாவது கிடந்தாத் தாங்கோ. நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

கொஞ்ச நாளாக எங்களோடு சேர்ந்து சாப்பிடாமல் ஒதுங்கியிருந்த எங்கள் ஒழுங்கைப் பெண் றொசாந்தி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"என்ரை போனிலை அழிச்சனான், அக்கா. என்ரை புருசன் அழிக்கேல்லை. வைச்சுப் பாக்கிறவர்."

ஜெசிதாவின் முகம் கறுத்தது. ஒண்டும் கேக்கமாட்டன் என்று சொல்லியிருந்ததால் அவள் வேறொன்றும் கேட்கவில்லை. "கொண்டு வாறியோ?" என்று மட்டும் கேட்டாள்.

றொசாந்தி புருஷனின் போனைக் கொண்டுவந்தாள். வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லவில்லை. அவளுடைய உதடு வீங்கியிருந்தது.

ஸ்ரேசனில் அதே பெண் பொலிஸ், போன் யாருடையது என்று கேட்டு எழுதத் தொடங்கினாள். றொசாந்தி புருஷனின் பெயரைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தாள். ஜெசிதா கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இவளின்ரை வாயையும் பாருங்கோ, தங்கச்சி," என்றாள். "அதுக்கும் ஒரு முறைப்பாடு எழுதவேணும்."