கத்தி எடுத்தாச்சு

முடி திருத்துகிறவரைத் தெருவே ரேடியோ என்றுதான் கூப்பிடும். காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது திறக்கிற வாய், ஷட்டரை இறக்கிய பிறகும் மூடாது. ஆனால் கடைக்குள் ஒரு சட்டம் உண்டு. "கத்தி வெச்சாச்சு" என்று அவர் சொல்லிவிட்டால், நாற்காலியில் இருப்பவர் எந்தக் கொம்பனானாலும் ஆடக் கூடாது, அசையக் கூடாது, வாய் திறக்கவே கூடாது. "கத்தி எடுத்தாச்சு" என்ற பிறகுதான் விடுதலை. அதுவரை அவர் ஒருவரே பேசுவார். மூலையில் துண்டு மடிக்கும் மனைவி, "கொஞ்சம் வாய மூடுங்களேன்" என்று சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனவர்.

ஓயாத தலைவலிக்கு ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில்தான் அது அகப்பட்டது. மூளைக்குள் நூல் மாதிரி மெல்லிய ரத்தக் குழாயில் ஒரு சின்னப் புடைப்பு. வெடித்தால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் படம் வரைந்து காட்டினார். தொடை வழியாக மெல்லிய குழலை அனுப்பி, புடைப்பு இருக்கும் இடத்தில் பொடி வலையாகப் பின்னிய ஸ்டென்டை விரித்துவிடுவார்கள். ரத்தம் அதற்குள்ளேயே நேராக ஓடும். புடைப்புக்குள் போவது குறைந்து, சில மாதங்களில் அது தானாக அடைபட்டுவிடும்.

"ஒரு விஷயம் சொல்லிடறேன்," என்றார் டாக்டர். "இந்தக் குழாய் பேச்சுக்கான பகுதிக்குப் போகுது. ரொம்பச் சின்னக் குழாய். அடைச்சுக்கிட்டா பேச்சு போகலாம். வாய்ப்பு கம்மிதான்."

ரேடியோ மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு ரொம்ப நாள் ஆசை."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சிகிச்சை முடிந்து அவருக்கு மயக்கம் தெளிந்ததும் மனைவியை உள்ளே விட்டார்கள். துளை போட்ட தொடையை நர்ஸ் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். டாக்டர் குனிந்து, "உங்க பேர் சொல்லுங்க" என்றார். பதில் இல்லை. பேனாவைக் காட்டி, "இது என்ன?" என்றார். அதற்கும் இல்லை. டாக்டரின் முகம் மாறிவிட்டது. மறுபடி ஸ்கேனுக்குத் தயார் பண்ணச் சொன்னார்.

அந்த அம்மா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இனிமே வாய மூடச் சொல்லவே மாட்டேங்க. ஒரு வார்த்தை பேசுங்க," என்று அழுதார்.

அழுதுகொண்டே பார்த்தபோதுதான் அந்த முகம் பழகிய முகமாகப் பட்டது. இறுக்கி மூடிய உதடு. சற்றே தூக்கிய தாடை. கூரையையே பார்க்கிற கண். கடை நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் தினமும் பார்க்கிற முகம்தான்.

"சிஸ்டர், இவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஆடக் கூடாது, அசையக் கூடாது, அசைஞ்சா ரத்தம் பீறிடும்னேன். எல்லார்கிட்டயும் சொல்றதுதான்."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரின் காதருகே குனிந்தார். "கத்தி எடுத்தாச்சு."

"அப்பாடா," என்றார் ரேடியோ. "டாக்டர், அது பேனா. நீல மூடி. பேரு கேட்டீங்களே, ரேடியோன்னா தெருவுக்கே தெரியும். அது போகட்டும், உங்களுக்கு யாரு முடி வெட்டினது? காதுக்கு மேல ஏணி மாதிரி படிப்படியா நிக்குதே."

டாக்டர் பக்கத்துக் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கால மட்டும் ஆட்டாதீங்க" என்றார். பேச்சு நிற்கவில்லை. மயக்க மருந்தின் வாசனையிலிருந்து ஆஸ்பத்திரித் தலையணை வரைக்கும் போயிற்று.

அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து தன் கணவரிடம் சொல்லியே இராத ஒரு வார்த்தையைச் சொன்னார்.

"அப்புறம்?"