பின்சுவரில் பெய்த மழை

2018 ஏப்ரல் 2: வீட்டு முன்பணம், ரூ. 40,000
2020 ஜனவரி 12: இரண்டு ஸ்பீக்கர் செட், ரூ. 4,200
2024 அக்டோபர் 27: ஃபைவ் பாயின்ட் ஒன் செட், ரூ. 19,500
அதே நாள்: ஆணி, ஒயர், ரூ. 380

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஆறு வீட்டு வரிசை ஒன்றில் மூன்றாவது வீட்டில் வாடகைக்கு இருப்பவர் குருமூர்த்தி. சொந்த ஊர் நாட்றாம்பாளையம். சின்ன வயதில் ராகிக் காட்டுக்குக் காவல் இருந்தபோது, யானை எந்தப் பக்கம் கிளை ஒடிக்கிறது என்பதைக் காதாலேயே கண்டுகொண்டவர். இப்போது சிப்காட்டில் மெஷின் ஓட்டுகிறார்.

அந்தக் காதுக்குப் பழைய ஸ்டீரியோ செட் போதவில்லை. இடமும் வலமும் நன்றாகப் பிரிந்தன. நடுவில் உட்கார்ந்தால், ஸ்பீக்கர் பெட்டியே இல்லாத நடுவிலிருந்து கதாநாயகன் பேசினான். ஆனால் படத்தில் முதுகுக்குப் பின்னால் வரும் யானையும் டிவிக்குப் பக்கத்திலிருந்துதான் பிளிறியது.

"பின்னாடி வர்ற யானை பின்னாடிதான் வரணும்" என்பார்.

"வரட்டும். வாடகையில பாதி அதுகிட்ட வாங்கிக்கலாம்" என்பாள் மனைவி சரிதா.

தீபாவளி போனஸில் சரவுண்ட் செட் வந்தது. பேச்சுக்கு நடுப்பெட்டி, பாட்டுக்கு முன்னால் இரண்டு, அதிர்வுக்குக் கீழே ஒரு பெரிய பெட்டி, மழைக்கும் காலடிக்கும் பின்னால் இரண்டு. பின்னிரண்டையும் சோபாவுக்குப் பின்சுவரில் ஆணியடித்து மாட்டினார். முதல் படத்திலேயே யானை பின்னாலிருந்து வந்தது. குருமூர்த்தி தன்னை அறியாமல் திரும்பிப் பார்த்தார்.

அது நாலங்குல ஹாலோ பிளாக் சுவர். அதற்கு அந்தப் பக்கம் நாலாவது வீட்டு நஞ்சம்மாவின் கட்டில்.

வீட்டுச் சொந்தக்காரர் நாராயணப்பன் கெலவரப்பள்ளியில் தக்காளி போடுகிறவர். போனில் சொன்னது காற்றோடு போய்விடும் என்று எதையும் பதிவுத் தபாலில்தான் சொல்வார். நவம்பர் 20 அன்று அவர் கடிதம் வந்தது: 'உங்கள் வீட்டில் கணவன் மனைவிக்குள் பேச்சு இல்லை என்றும், தினமும் ஓட்டமும் உடைப்புமாக இருப்பதாகவும் அறிகிறேன். டிசம்பர் 31க்குள் காலி செய்யவும்.'

"நமக்குள்ள பேச்சே இல்லையாம். பேசிப் பேசித்தான எனக்குத் தொண்டை கட்டுது" என்றாள் சரிதா. சிரித்தாளே தவிர, அன்றிரவு இருவரும் வேறு வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மகளின் பள்ளி அடுத்த தெருவில். கம்பெனி நடக்கிற தூரம். இந்த வாடகைக்கு ஓசூரில் இன்னொரு வீடு கிடைக்காது.

குருமூர்த்தி நஞ்சம்மாவிடம் போனார்.

"ஆமாம்ப்பா, நான்தான் சொன்னேன். மழை கொட்டுது, ஆளுங்க ஓடறாங்க, கண்ணாடி ஒடையுது. ஒரு வார்த்தை பேச்சு வரல்ல. வாயத் தொறக்காம அடிச்சிக்கிற வீட்ட நான் பாத்ததே இல்ல. அந்தப் பொண்ணு சரிதாவுக்கு ஏதாச்சும் ஆயிருமேன்னு பயந்துட்டேன்."

குருமூர்த்திக்கு விளங்கிவிட்டது. நஞ்சம்மாவின் சுவருக்குப் போனது பின்பெட்டிகளின் பங்கு மட்டும்.

டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை, நாராயணப்பன் வந்தார். முதலில் நஞ்சம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து சுவரில் காது வைத்தார். இந்தப் பக்கம் படம் ஓடியது.

"நெசந்தான். பேச்சே இல்ல" என்றார்.

பிறகு அவரை அழைத்து வந்து சோபாவின் நடுவில் உட்கார வைத்தார்கள். முன்னால் ஒரு கணவனும் மனைவியும் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். மழை அவர் முதுகுப் பக்கம் பெய்தது. குருமூர்த்தி ரிமோட்டில் ஸ்டீரியோவுக்கு மாற்றினார். மழை டிவி பக்கம் போய்விட்டது.

"மழை நின்னுபோச்சு" என்று சுவருக்கு அப்பாலிருந்து நஞ்சம்மாவின் குரல்.

"நிக்கலக்கா, முன்னாடி வந்துருச்சு. நீங்களும் வாங்க" என்றாள் சரிதா.

நஞ்சம்மா வந்து கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள். "ஓ, ஓடினது இவதானா. ஒரு மாசமா பாதிக் கதையக் கேட்டுட்டுப் படுத்திருக்கேன். மொதல்லருந்து போடுப்பா."

நாராயணப்பன் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஆணிகளைத் தடவிப் பார்த்தார். "இத யாரக் கேட்டு அடிச்ச?"

குருமூர்த்தி தொங்கிய ஒயரைச் சோபாவுக்குப் பின்னால் தள்ளினார்.

"எழுத்துல சொல்றேன்" என்று நாராயணப்பன் கிளம்பிவிட்டார்.

அன்றே குருமூர்த்தி பின்பெட்டிகளைக் கழற்றி, இரும்புக் குழாயில் ஸ்டாண்டு செய்து, சுவரைவிட்டுத் தள்ளி வைத்தார். ஓட்டைகளை வெள்ளை சிமென்டால் அடைத்தார். அப்புறம் தபால்காரரைப் பார்த்தபடி நாட்கள் போயின. நஞ்சம்மாவுக்குக் குறை வேறு: "படுத்தா தூக்கம் வரல்ல. மழையே காணோம்."

கடைசியில் பதிவுத் தபால் வந்தது. 'காலி செய்யச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இனி ஆணி அடிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை படம் போட்டால் எனக்கும் ஒரு நாற்காலி போடவும். நடுவில்.'

அது வந்து சேர்ந்த நாள் 2024 டிசம்பர் 11, புதன்கிழமை.