பெட்ராவின் யானை யாருக்குச் சொந்தம்?

போன சனிக்கிழமை, மெரிலேண்ட்ஸில் ஒரு ஹாலில், அத்தனை பேருக்கு நடுவில் எழுந்து நின்று கத்திவிட்டேன். மைக் இல்லாமலேயே கடைசி வரிசை வரை கேட்டதாம். பக்கத்தில் இருந்த என் கணவர் ஃபோனை எடுத்து யாருக்கோ அவசரமாக மெசேஜ் அனுப்புகிற மாதிரி நடித்தார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் அவருடைய தற்காப்புக் கலை.

அப்படி என்ன நடந்துவிட்டது?

கூட்டம் போட்டவர் சிவநேசன் அண்ணா. நார்த்மீட்டில் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. ஊர் யாழ்ப்பாணப் பக்கம், ரிட்டயர்ட் சிவில் இன்ஜினியர். மதுரையிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்த எங்களுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்தவர். ஒரு பழைய ஃப்ரிட்ஜைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, அவரே தூக்கி வைத்தவர். இதைச் சொல்லாமல் அவரைத் திட்டினால் நியாயமில்லை. சொல்லிவிட்டேன். இனி திட்டலாம்.

கூட்டத்தின் தலைப்பு: ‘பெட்ராவைச் செதுக்கியவன் தமிழன்’.

பெட்ரா தெரியும்தானே? ஜோர்டான் பாலைவனத்தில், ரோஜா நிற மலையைக் குடைந்து செதுக்கிய ஊர். இரண்டாயிரம் வருடப் பழசு. நபத்தேயர்கள் என்ற அரபு வணிகர்கள் ஆண்டது. ஈஸ்டர் லீவில் அண்ணாவும் அவர் மனைவி வசந்தி அக்காவும் நாங்கள் இருவருமாகப் போய் வந்தோம்.

போனது தப்பே இல்லை. இரண்டு பக்கமும் பாறை முட்டுகிற சந்து வழியே நடக்கிறோம்... சுவரோடு சுவராகத் தண்ணீர் ஓடுவதற்கு ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். அண்ணா அதைத் தடவித் தடவிப் பார்த்தார். “தங்கச்சி, சரிவு பாத்தீங்களோ? இவங்களுக்கு ஆர் படிப்பிச்சது!” என்று குழந்தை மாதிரி குதித்தார். அந்த அண்ணாவை எனக்குப் பிடிக்கும்.

சனியன் பிடித்தது அங்கிருக்கும் பெரிய கோயில் இடிபாட்டில்தான். சில தூண்களின் உச்சியில் யானைத் தலை செதுக்கியிருக்கிறார்கள். அண்ணா அப்படியே நின்றுவிட்டார்.

“பாலைவனத்தில யானை ஏது? இது எங்கட ஆக்களின்ர வேலை!”

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. எங்கள் கைடு சலீமைக் கூப்பிட்டு, இங்கிலீஷில் விளக்க ஆரம்பித்துவிட்டார். இந்த ஊரைக் கட்டியது நீங்கள் இல்லை, கடல் தாண்டி வந்த எங்கள் சிற்பிகள், நீங்கள் பிற்பாடு வந்து குடியேறியவர்கள் என்று.

சலீம் அந்த மலையிலேயே பிறந்தவர். ஐம்பதை நெருங்குகிற பெதுயின், பாலைவன நாடோடி இனத்தவர். முதலில் சிரித்தார். நபத்தேயர்கள் ஊர் ஊராக வியாபாரம் செய்தவர்கள், யானையைப் பற்றித் தெரிந்திருக்காதா என்றார். அண்ணா விடவில்லை. சலீமின் சிரிப்பு நின்றது. எதிரே இருந்த ஒரு குகையைக் காட்டினார்.

“நான் பிறந்தது அதில். சின்ன வயதில் எங்களைக் கிளப்பி மேலே கிராமத்தில் குடிவைத்தார்கள். என் அம்மா தினமும் அந்தத் தரையைப் பெருக்கினாள். அப்போ அவள் யார்? விருந்தாளியா?”

“நோ அஃபென்ஸ் பிரதர். ஹிஸ்டரி இஸ் ஹிஸ்டரி” என்றார் அண்ணா.

அதற்குப் பிறகு சலீம் வழி மட்டும் காட்டினார். நாங்கள் டீ குடிக்க உட்கார்ந்தபோது தள்ளிப்போய் வெயிலில் நின்றார். கூப்பிட்டேன், வரவில்லை.

வேறு யாராவது சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் சிவநேசன் அண்ணா எப்படி?

இவருடைய ஊரில், இவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக விளக்கேற்றிய கோயில். ஒருநாள் சிலர் வந்து வாசலில் ஒரு பலகை நட்டார்கள். இது வேறு யாருடையதோ பழைய இடமாம். நீங்கள் பிற்பாடு வந்தவர்களாம். இப்போது பூசைக்கே அனுமதி கேட்க வேண்டும். அந்தச் செய்தி வந்த அன்று, வீட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து இந்த மனுஷன் விம்மி அழுததை நான் பார்த்தேன். நகர நடுவில், மார்ட்டின் பிளேஸ் சதுக்கத்தில், கொட்டுகிற மழையில் போராட்ட அட்டை பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நானும் நின்றேன்! “எங்கட வீட்டுக்குள்ள வந்து எங்களுக்கே கதை சொல்லுறாங்கள்” என்று அன்றைக்குக் கத்திய அதே வாய்தானே இது?

சரி, ஹாலுக்கு வருவோம். வாய்க்கால் படம், யானைப் படம்... ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். அடுத்து எங்கள் குரூப் போட்டோ. ஓரத்தில் சலீம். “இவர் அங்கத்தைய கைடு. பாவம், இவைக்கு ஒண்டும் தெரியாது” என்றார் அண்ணா. ஹால் சிரித்தது.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை.

“சிரிக்காதீங்க! அவர் அந்தக் குகையில பிறந்தவர். உங்க கோயில் வாசல்ல பலகை நட்டவன் சொன்னதும், நீங்க சலீம்கிட்ட சொன்னதும் ஒண்ணுதானே அண்ணா?”

அண்ணாவின் முகம் வெளுத்துவிட்டது.

“தங்கச்சி... அது வேற, இது வேற.”

“என்ன வேற? சொல்லுங்க.”

யாரோ லைட்டைப் போட்டார்கள். சமோசா வந்துவிட்டதாக அறிவித்தார்கள். நம் கூட்டங்களில் எந்தப் பிரச்சினையையும் சமோசா தீர்த்துவிடும். வெளியே வரும்போது ஒருவர், “நீங்கள் தமிழ்தானே?” என்று என்னைக் கேட்டார். அது எனக்குத் தேவைதான்.

இரண்டு நாள் தூக்கமில்லை. நல்ல மனுஷனைச் சபையில் அவமானப்படுத்திவிட்டேனே என்று புலம்பிக்கொண்டிருந்தேன். உண்மைக்காக ஒரு அண்ணனை இழக்கலாமா? இழக்கலாம் என்று கோபம் சொன்னது. மனசு கேட்கவில்லை.

திங்கட்கிழமை வசந்தி அக்கா ஃபோன் செய்தார். குரலில் சந்தோஷம்.

“கோவிக்காதையுங்கோ. அவர் ரெண்டு நாளா யோசிச்சவர். நீங்கள் சொன்னதில நியாயம் இருக்காம். அடுத்த மாசம் மெல்பர்ன்ல பேசேக்க அந்த ஸ்லைடைப் போடமாட்டாராம். எடுத்திட்டார்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்பாடா! யானையைத் தூக்கிட்டாரா அக்கா?”

“இல்லை இல்லை, யானை இருக்குது. அந்தக் கைடின்ர படத்தைத்தான். அது இருந்தால்தானே சண்டை வருது?”

முதலில் குகையிலிருந்து கிளப்பினார்கள். இப்போது படத்திலிருந்தும் சலீம் போயாச்சு. யானை மட்டும் பத்திரமாக மெல்பர்ன் போகிறது.